போர்டுக்குள் பல்லி முட்டை: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் வீட்டு ஒயரிங், ஏசி, கிராமத்துப் பக்கம் போனால் மோட்டார் ஸ்டார்ட்டர் என்று எல்லாம் பார்க்கிறவன் நான். பங்குனி பிறந்து வேலூர் வெயில் ஏற ஆரம்பித்தால் இந்த போன் வந்துவிடும்: "அண்ணே, போர்டுக்குள்ள கவுளி கீது, லைட்டு விட்டு விட்டு எரியுது." போய்க் கழற்றினால் பாதி நேரம் கவுளி இருக்காது, முட்டைதான் இருக்கும். முட்டையை எடுத்துப் போட்டு, காண்டாக்டைத் துடைத்து, காசை வாங்கிக்கொண்டு வந்தால் இரண்டு மாதத்தில் அதே வீட்டிலிருந்து அதே போன். பெண் பல்லி முட்டைக்கு எப்படி இடம் பார்க்கிறது என்று தெரியாமல் போர்டை மட்டும் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தேன் என்பது ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. தெரிந்த பிறகு அந்த வீடுகளிலிருந்து போன் வருவது குறைந்துவிட்டது. வருமானத்துக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

எதைக் கழற்றுவதற்கும் முன்னால் மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணையுங்கள், ஏனென்றால் மெயினை இறக்கிய மறுநொடி இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், நீங்கள் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைக்கிற போர்டு உயிரோடு இருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு மெயினை இறக்கிவிட்டு இந்தப் போர்டில் வைத்துப் பாருங்கள். டெஸ்டரே செத்துப்போயிருந்து ஷாக் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்தான்.

## அறிகுறி: போர்டைத் திறந்தால் வெள்ளை உருண்டைகள்

சுண்டைக்காய் அளவு, வெள்ளை, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? வீட்டுப் பல்லி முட்டை. ஓணான் முட்டை மாதிரி தோல் பதத்தில் இருக்காது, கோழி முட்டை மாதிரி சுண்ணாம்பு ஓடு. போடும்போது மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அதனால் சில நேரம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியோ ஒயரோடு ஒட்டியோ இருக்கும்.

முதலில் எண்ணுங்கள்.

### இரண்டே இரண்டு

ஒரு பெண், ஒரு தடவை வந்து போயிருக்கிறது. பல்லிக்கு இரண்டு முட்டைக் குழாய், குழாய்க்கு ஒரு முட்டை, அவ்வளவுதான். ஒரே தடவையில் ஐந்து, ஆறு போடாது. பிரச்சனை புதிது, சுலபமாக முடியும்.

### நாலு, ஆறு, பத்து, கூடவே உடைந்த ஓடுகள்

அது பிரசவ வார்டு ஆகிவிட்டது. பல பெண்கள் ஒரே இடத்தில் போடும், அதே பெண்ணும் திரும்பி வரும். அடுத்த அறிகுறிக்குப் போங்கள், அங்கேதான் உங்கள் விடை இருக்கிறது.

எண்ணியாச்சா, இனி முட்டைக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடியுங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்து மெல்லிய சிவப்பு நரம்பு ஓடினால் உள்ளே குஞ்சு வளர்கிறது. வெறும் மஞ்சளாக இருந்தால் இப்போதுதான் போட்டது, இல்லை கரு கூடாத முட்டை. பழுப்பேறி ஒரு பக்கம் குழிந்திருந்தால் கெட்டுப்போனது. ஓட்டை விழுந்து உள்ளே காலியாக இருந்தால் குஞ்சு போயாச்சு.

உயிர் இருக்கிற முட்டையை என்ன செய்வது? நான் நசுக்கிப் போடுவதில்லை. பாவ புண்ணியம் ஒரு பக்கம், உடைந்த முட்டைக்கு எறும்பு வரும் என்பது இன்னொரு பக்கம். எறும்பு சுவிட்ச் காண்டாக்டுக்குள் போய் நசுங்கிக் கரி பிடித்தால் பல்லியை விடப் பெரிய தலைவலி. மேல் பக்கம் எதுவோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கிற மாதிரியே எடுத்து, பஞ்சு போட்ட சின்ன டப்பாவில் வைத்து, வெளியே நிழலில், எறும்பு ஏறாத இடத்தில் விட்டுவிடுங்கள். கரு வளர ஆரம்பித்த பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துப்போகலாம், அதற்குத்தான் புள்ளி. டப்பாவை மூடினால் குஞ்சு வெளியே போக வழி விடுங்கள். சூட்டைப் பொறுத்து ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். தகர ஷீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், மே மாத வேலூரில் அது அவித்த முட்டை ஆகிவிடும். ஒயரோடு ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம், உடையும். லைன் தொடாத இடமாக இருந்தால் பொரிகிற வரை விட்டுவிடலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பல்லி எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், அதே கையோடு இட்லி சாப்பிட வேண்டாம்.

ஒரு விஷயம்: காய்ந்த முட்டையால் ஷார்ட் ஆகாது. லைட் விட்டு விட்டு எரிந்தால் முட்டை மேல் பழி போட்டு மூடிவிடாதீர்கள். டெர்மினல் ஸ்குரூ லூஸா என்று பாருங்கள் (பெரும்பாலும் இதுதான்), பிறகு எச்சமும் எறும்பும் காண்டாக்டில் இருக்கிறதா, பிறகு சுவிட்ச் உள்ளே கருகியிருக்கிறதா. ஒயர் தோல் உருகியிருந்தாலோ பிளேட் பழுப்பாகியிருந்தாலோ அத்தோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எடுத்து எடுத்துப் போட்டாலும் அதே பெட்டியில் மறுபடியும்

போனில் அதிகம் வருவது இதுதான். செலவு இல்லாததிலிருந்து வரிசையாகப் போவோம்.

### பழைய ஓடு கிடக்கிறதா

பைசா செலவில்லாத வேலை, யாரும் செய்வதில்லை. பொரிந்த முட்டையின் ஓட்டை அப்படியே விட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். பெண் பல்லிகள் ஏற்கெனவே முட்டை இருந்த இடத்தை விரும்பித் தேடி வரும். ஓடு, எச்சம், உரித்த தோல் எல்லாவற்றையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, காய்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம், ஸ்பிரே அதைவிட வேண்டாம். பூச்சி ஸ்பிரேயில் தீப்பிடிக்கிற வாயு இருக்கிறது. கரண்ட் உள்ள பெட்டிக்குள் அதை அடிப்பதும் அடுப்படியில் மண்ணெண்ணெய் தெளிப்பதும் ஒன்றுதான்.

### சந்து

பெண் பல்லி தேடுவது வெதுவெதுப்பான, காய்ந்த, குறுகலான, யாரும் கை வைக்காத இடம். சுவிட்ச் போர்டின் உள்பக்கம் இந்த நான்குக்கும் நூற்றுக்கு நூறு மார்க் வாங்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, வழியை அடையுங்கள். பென்சில் நுழைகிற சந்து போதும் அதற்கு. பார்க்க வேண்டிய இடங்கள்: பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மேல் பக்கம் (பெயிண்ட் அடிக்கிறவர்கள் கழற்றிவிட்டுச் சரியாக முடுக்காத இடம்), சுவிட்ச் இல்லாமல் காலியாக விட்ட ஓட்டை, பெட்டியின் பின்னால் தட்டித் திறந்த துளைகள், சுவருக்குள் புதைத்த கன்சீல்டு பைப்பின் வாய். காலி ஓட்டைக்கு டம்மி பிளேட் கடையில் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். பிளேட் ஓரத்துக்குச் சிலிகான் போதும். பைப் வாய்க்கு எம்-சீலைத் திணித்துவிடாதீர்கள், நாளைக்கு ஒயர் இழுக்க வருகிறவன் என்னையும் உங்களையும் சேர்த்துத் திட்டுவான். நைலான் கொசுவலைத் துண்டைச் சுருட்டி லேசாக அடைத்தால் போதும்.

மூடுவதற்கு முன்னால் உள்ளே பல்லி இல்லை என்று பார்த்து மூடுங்கள். உள்ளே வைத்து மூடி, செத்து, நாறி, மறுபடி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

### மேலே எரிகிற லைட்

போர்டுக்கு நேர் மேலே டியூப் லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், முட்டை உருவாக வேண்டிய தீனி அங்கேயே கிடைத்துவிடும். வாசல் லைட்டை மஞ்சள் பல்பாக மாற்றினால் பூச்சி குறைகிறது. லைட்டின் இடத்தை மாற்றுவது செலவு, அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

### "ஆணைப் பிடிச்சு வெளிய விட்டுட்டோம், ஆனாலும் போடுது"

இதைச் சொன்ன சத்துவாச்சாரி அம்மா ஒருவர், பல்லி சொல்கிற சத்தத்தை வைத்தே ஆண் எது பெண் எது என்று பிரித்திருந்தார். பிரித்தது சரியோ தப்போ, அதனால் பயன் இல்லை. பெண் பல்லி ஒரு தடவை கூடினால் விந்தைத் தன் உடம்புக்குள்ளேயே சேமித்து வைத்து, பிறகு வருகிற முட்டைகளுக்கு அதையே எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் சாதாரணமாகத் திரியும் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனாட்டஸ் வகையை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது 36 வாரம் வரை அந்தச் சேமிப்பு வேலை செய்திருக்கிறது. அதாவது எட்டு மாதம் ஆண் வாசனையே இல்லாமல் உங்கள் போர்டுக்குள் கருவுள்ள முட்டை விழும். ஆணே இல்லாமல், எல்லாமே பெண்ணாக வாழ்கிற பல்லி இனங்களும் உலகத்தில் இருக்கின்றன, பசிபிக் தீவுகளின் துக்கப் பல்லி அப்படித்தான். உங்கள் வீட்டில் இருப்பது அந்த வகை இல்லை, ஆனால் பலன் ஏறக்குறைய அதேதான்.

சினைப் பல்லி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க: ராத்திரி ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பாருங்கள். தோல் மெல்லியது, உள்ளே இரண்டு வெள்ளை உருண்டைகள் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் அடைக்கிற வேலையை இன்றைக்கே முடியுங்கள், சில நாளில் அது இடம் தேடும். கழுத்தின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புடைத்திருந்தால் கட்டி என்று பயந்து வீட்டைக் கழுவிவிடாதீர்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை அங்கேதான் சேர்த்து வைத்திருக்கிறது.

பல்லியை விரட்டக் கோழி முட்டை ஓடு மாட்டுவது, மயில் இறகு, அந்துருண்டை: மூன்றையும் பார்த்தாச்சு. முட்டை ஓட்டுக்குப் பின்னாலேயே பல்லி தூங்கிக்கொண்டிருந்த வீடு காந்தி நகரில் இருக்கிறது. ஒட்டுகிற அட்டையைப் பெட்டிக்குள் வைப்பது இருப்பதிலேயே மோசம், செத்த பல்லிக்கு எறும்பு வரிசை கட்டும். தோஷம் பார்க்கிறவர்கள் முட்டையைத் தொடவே தயங்குவார்கள், அப்புறம் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்பார்கள். போய் வாருங்கள், தப்பில்லை, அதற்கு முன்னால் டம்மி பிளேட்டை மாட்டிவிடுங்கள்.

## அறிகுறி: ஏசி திடீரென்று நின்றுவிட்டது, அல்லது எம்சிபி விழுகிறது

ரிமோட் பேட்டரி. சிரிக்காதீர்கள், பல தடவை அதுதான்.

எம்சிபி (ஷார்ட் ஆனால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை தூக்குங்கள். மறுபடி விழுந்தால் நிறுத்துங்கள், திரும்பத் திரும்பத் தூக்கினால் எரிகிற பொருள் கூடும்.

பிறகு வெளியே உள்ள யூனிட். கரண்டை அணைத்துவிட்டு பக்கத்தில் போய் மோந்து பாருங்கள். கருகின வாடையும் செத்த வாடையும் சேர்ந்து வந்தால் விஷயம் முடிந்தது. சாதாரண ஸ்பிலிட்டில் டெர்மினல் மூடிக்குள் பல்லி இரண்டு முனைக்கும் பாலம் போட்டுப் படுத்திருக்கும், துடைத்து, கருகின லக்கை (ஒயர் நுனியில் மாட்டுகிற உலோக முனை) மாற்றினால் ஓடிவிடும். இன்வெர்ட்டர் ஏசியில் எலக்ட்ரானிக் போர்டே வெளியே உள்ள யூனிட்டில்தான் இருக்கிறது, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பு, அதுவும் முட்டைக்கு அருமையான இடம். அங்கே ஷார்ட் ஆனால் போர்டோடு போய்விடும், செலவு ஆயிரக்கணக்கில். இந்த மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். கரண்டை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், தெரியாமல் தொட்டால் தூக்கி அடிக்கும். மோந்து பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அவர் வரும்போது இரண்டு வேலை கேட்டு வாங்குங்கள்: செம்புக் குழாய் சுவரைத் தாண்டும் ஓட்டையை அடைப்பது, போர்டுப் பெட்டியின் ஒயர் நுழைகிற இடத்தை அடைப்பது. காற்று போக வேண்டிய துளைகளை அடைத்துவிட்டால் போர்டு சூட்டிலேயே போகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: தோட்டத்து மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை

அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் மோட்டார் கொட்டகையில் பார்த்தது. இதில் ஒரு நிமிடம்கூட விளையாடக் கூடாது, உடனே நிறுத்துங்கள்.

மூன்று பேஸும் (மூன்று கரண்ட் லைன்) வருகிறதா, மூன்று பல்பும் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று இல்லையென்றால் இபியில் சொல்லுங்கள், மின்னகத்துக்கும் (மின்வாரியப் புகார் மையம்) சொல்லலாம். மூன்றும் வந்தால் பியூஸ். பியூஸும் சரி என்றால் மெயினை இறக்கிவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கான்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கிற காந்தச் சுவிட்ச்) பாருங்கள். காயில் இழுக்கும்போது நடுவில் ஒரு பல்லி மாட்டினால் அந்த ஒரு பேஸ் மட்டும் சேராது, மீதி இரண்டில் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே சரியாக வைத்திருந்தால் விழுந்து காப்பாற்றும். "அடிக்கடி விழுது" என்று அதை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறவர்களுக்கு வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) போகும், அது கயிறு போட்டு மோட்டாரைத் தூக்குகிற செலவு.

பல்லியை எடுத்துவிட்டு மூலையைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே முட்டை இருக்கும், அதற்குத்தான் உள்ளே வந்திருக்கிறது. கான்டாக்ட் முனை கருகிக் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் செட்டை மாற்றச் சொல்லுங்கள். கேபிள் நுழைகிற அடி ஓட்டைதான் வழி, கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கிற ரப்பர் கிளாண்டு போட்டால் அந்தப் பெட்டிக்குப் பல்லி வராது. மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தால் ஸ்டார்ட்டரை நோண்ட வேண்டாம், வைண்டிங் கடைக்காரரிடம் பேசுங்கள்.

## அறிகுறி: பூந்தொட்டி மண்ணுக்குள் நீள முட்டைகள்

எலக்ட்ரீஷியனிடம் கேட்கிற கேள்வி இல்லைதான், ஆனால் தொட்டிக்குள் ஒயர் புதைக்கப் போகும்போது மாட்டுகிறது. தோல் மாதிரி மெத்தென்று, நீளவாக்கில், பத்து இருபது ஒரே குழியில் இருந்தால் பெரும்பாலும் ஓணான். பெண் ஓணான் மழைக்குக் காத்திருக்கும். மண் நனைந்து தோண்ட வசதியாகும் வரை முட்டையை வயிற்றுக்குள்ளேயே நிறுத்தி வைத்துக்கொள்ளத் தெரியும் அதற்கு. கோடை மழை பெய்த மறுநாள் தொட்டியில் ஓணான் தலையால் மண்ணைக் குத்தி அமுக்கிக்கொண்டிருந்தால் வேலை முடிந்து மூடுகிறது என்று அர்த்தம். அதன் பிறகு திரும்பிப் பார்க்காது.

தோண்டிவிட்டீர்களா, புரட்டாமல் அதே ஆழத்தில் ஈர மண்ணால் மூடுங்கள். இந்த ஓடு மண்ணிலிருந்து ஈரம் உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கிச் செத்துவிடும். பல்லி முட்டை மாதிரி பஞ்சு டப்பா இதற்கு ஆகாது. தொட்டிக்குத் தண்ணீர் தேங்க விடாமல் லேசாக ஊற்றினால் போதும்.

முட்டை கட்டைவிரல் நீளம் இருந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தால் கையை எடுங்கள். பாம்பாக இருக்கலாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

புற்றைத் தோண்டும்போது பெரிய முட்டைகள் வந்தாலும் அதேதான், உடும்பு புற்றில் முட்டை வைக்கும். 1972-ம் வருடத்து வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, முட்டையை எடுப்பதும் குற்றம். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு மண்ணை மூடிவிடுங்கள்.

## அறிகுறி: மீட்டர் பெட்டிக்குள் முட்டை தெரிகிறது

கண்ணாடி வழியாகத் தெரிந்தாலும் நீங்களும் நானும் தொடக் கூடாது. சீலை உடைத்தால் பல்லி போய் இபிக்காரர் வருவார், பல்லியே பரவாயில்லை என்று ஆகிவிடும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து திறக்கும்போது முட்டை ஓடுகளையும் துடைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பெட்டிக்கு வெளியே சுவரில் உள்ள சந்தை அதற்குள் நீங்களே பூசிவிடலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.